காய்ச்சி வடித்த தண்ணீரில் தோற்ற தாள்

என் பிரியமுள்ள குற்றாலிங்கம் அண்ணே,

இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. ஆனி பிறப்பதற்குள்ளேயே மலை மூடிவிட்டது. குற்றாலம் மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறதென்று இரண்டு நாள் யாரையும் குளிக்க விடவில்லை. நீ இருந்திருந்தால் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, "ஐந்தருவிக்குப் போவோம், கெளம்புங்க" என்று எங்கள் உயிரை எடுத்திருப்பாய்.

இப்போது கடைக்கதவு பாதிகூட இறங்குவதில்லை. கடையை நடத்துவது கோமதி மதினி. நீ போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பொம்பள பேட்டரி கட்டுதாளா?" என்று தென்காசியில் யானைப்பாலம் வரைக்கும் சிரித்தார்கள். இன்றைக்கு அதே டிரைவர்கள், "யக்கா, நாளைக்காவது கெடைக்குமா?" என்று வாசலில் நின்று கெஞ்சுகிறார்கள். உன்னைப்போலக் கடனுக்கு இரங்குகிற ஆளில்லை அவள், அது உனக்கே தெரியும்.

நான் அதே பெண்கள் பள்ளியில் அதே வேதியியல்தான் நடத்துகிறேன். கண்ணாடி போட்டாயிற்று. முன் நெற்றியில் நரை வந்துவிட்டது. பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும், உனக்குச் சொல்லமாட்டேன், நீ சிரிப்பாய்.

இந்தக் கடிதத்தை மடித்து உன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி நான் முன்பு எழுதிய ஒரு வரியை, முன்பின் பழக்கமில்லாத ஒருவர் படித்து நம்பினார். அது தப்பான வரி. அப்படியானால் திருத்தத்தையும் முன்பின் பழக்கமில்லாத நாலு பேர் படிப்பதுதான் நியாயம் என்று இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

பஸ், லாரி பேட்டரியைத் திறந்தால் உள்ளே அறை அறையாக ஈயத் தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும். பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் அந்த அறை செத்தது. தொடாமல் இருக்க நடுவில் ஒரு தாள் வைப்பார்கள். அந்தத் தாள் தகட்டைத் தடுக்க வேண்டும், ஆசிட்டைத் தடுக்கக் கூடாது. நீ கடை வைத்த புதிதில் அது மரத்தில் சீவிய மெல்லிய பட்டை. பிறகு பிளாஸ்டிக்கில் வந்தது. மரம் ஆசிட்டில் அரித்துப்போகும். பிளாஸ்டிக் சூட்டில் வளையும்.

வளைந்ததால் வந்த வினையை அருளப்பன் அண்ணாச்சிதான் உன் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். நினைவிருக்கிறதா? புனலூர் பஸ் ஓட்டிய மனுஷர். ஆரியங்காவு ஏற்றத்தில் மூன்றாவது தடவையாக அவர் பஸ் நின்றுபோயிருந்தது.

"ஏலே குற்றாலிங்கம், நீ கட்டுன பேட்டரிய நம்பி வளைவுல எஞ்சினை நிறுத்த முடியலலே. கொட்டுத மழைல சனங்க எறங்கித் தள்ளுதாங்க. என் மானம் போகுது."

நீ பேட்டரியை உடைத்துப் பார்த்தாய். உள்ளே தாள் அப்பளம் போலச் சுருண்டு கிடந்தது. அன்றைக்கும் மறுநாளும் நீ சரியாகச் சாப்பிடவில்லை. "தாளுதான்ட்டி சரியில்ல, நான் சரியாத்தான் கட்டுனேன்" என்று என்னிடம் வந்து சொன்னாய். உன்மேல் தப்பில்லை என்று யாராவது படித்தவர்கள் சொல்ல வேண்டும் போல இருந்தது உனக்கு. சொன்னேன். அப்போது சொன்னேன்.

அந்த ஆடியில் எல்லோரும் குற்றாலத்துக்குப் போனோம். நீ கேட்டு வாங்கி உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கடியில் நின்றாய். வெளியே வந்து கையை நீட்டிக் காட்டினாய். தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. பிறகு மதினி கொடுத்த சீயக்காயைத் தேய்த்துக்கொண்டு மறுபடி போய் நின்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

"ஏட்டி, ஒடம்பு பூரா எண்ணெய் ஊறியிருந்துச்சு. அது போன எடத்துல இப்ப என்ன இருக்கும்?"

"பசி" என்றேன்.

சிரித்தாய். ஆனால் விடவில்லை. "இல்லட்டி, நெசமாத்தான் கேக்கேன். பிளாஸ்டிக்குக்குள்ள எண்ணெய ஊற வச்சு, பொறவு எண்ணெய மட்டும் வெளிய எடுத்துட்டா, எண்ணெய் இருந்த எடம் பூரா ஓட்டையா நிக்கும்லா? கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. தகடு போகாது. ஆசிட்டு போகும்."

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி மூன்று வருஷம் வேதியியல் படித்துவிட்டு வந்தவள் நான். படிக்கவைத்தது உன் பேட்டரிக் கடை. எனக்கு அந்த யோசனை தோன்றவில்லை, பத்தாம் வகுப்பில் நின்றுபோன உனக்குத் தோன்றியது. "கொள்கையளவில் சரிதான்" என்று மட்டும் சொன்னேன். அந்தக் 'கொள்கையளவில்' என்ற சொல்லை நீ ஒரு வாரம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

முதலில் பை செய்கிற பாலிதீனில் செய்து பார்த்தாய். சூடு பட்டதும் இளகிப்போனது. பிறகு சங்கரன்கோவிலில் தறிக்கு மராமத்து பார்க்கிற மதினியின் அண்ணன் ஒரு சாக்கு நிறையக் கழிவு கொண்டுவந்து போட்டார். விசைத்தறியில் ஊடை நூல் கொண்டுபோகும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளுகிற வெள்ளைக் கட்டை. அதுவும் பாலிதீன்தான், ஆனால் வேறு வகை. நாள் முழுக்க அடிபட்டாலும் உடையாது, தீயில் காட்டினாலும் உருகி ஓடாது. அதை அரத்தால் ராவித் தூளாக்கினாய். நிறமில்லாத இயந்திர எண்ணெயில் போட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டிக் கிண்டினாய். அல்வா பதத்துக்கு வந்தது. அதை இரண்டு தோசைக்கல்லுக்கு நடுவில் வைத்து அழுத்தினாய்.

தோசைக்கல் இரண்டும் மதினி கல்யாணச் சீராகக் கொண்டுவந்தவை.

"என் கல்லுல இனி தோசை வருமா, டயர் வருமா?" என்று அவள் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. "ஊருல ஆம்பளைங்க சீட்டாடுதாங்க, குடிக்காங்க. அதுவாவது என்னன்னு சொல்லிக்கலாம். எம் புருஷன் பிளாஸ்டிக் அல்வா கிண்டுதாருன்னு நான் யார்ட்ட போயிச் சொல்லட்டும்?"

நீ அழுத்தி எடுத்த தாளை வெள்ளைப் பெட்ரோலில் ஊறவைத்து எண்ணெயை இறக்கினாய். காய்ந்ததும் அது பால் போல வெளுத்தது. சூடு காட்டினால் மட்டும் சுருங்கியது. அதற்கும் வழி கண்டாய். பழைய தறிச்சட்டத்தில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, கட்டியபடியே சூடு காட்டி, கட்டியபடியே ஆறவிட்டாய். அதற்குப் பிறகு இட்லிச் சட்டியில் ஆவியில் வைத்தபோதும் அளவு குறையவில்லை. ஒரு துண்டை அருளப்பன் அண்ணாச்சி தன் பஸ்ஸின் எஞ்சின் பக்கத்தில் கட்டிப் புனலூர் போய்வந்தார். போனபடியே வந்தது. இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நீயும் அவரும் கடைவாசலில் இழுத்துப் பார்த்ததும், அவர் வழுக்கி உட்கார்ந்ததும், தாள் கிழியாததும் நான் கண்ணால் கண்டவை.

சீசனுக்குக் குளிக்க வந்த ஓர் இஞ்சினியர் தன் கார் பேட்டரியை உன்னிடம் கொண்டுவந்தது அந்த நேரத்தில்தான். ஏதோ ஓர் ஊரில் பேட்டரி செய்கிற தொழிற்சாலையில் இருந்தார். உன் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், சிகரெட்டைப் பக்கத்தில் காட்டிப் பார்த்தார். படித்தவர் யாரையாவது விட்டுச் சோதிக்கச் சொல், ஆசிட் இறங்குகிறது என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வரட்டும், நானே வந்து உன்னைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போகிறேன் என்று விலாசம் கொடுத்தார். நீ யாரையும் தேடி அலையவில்லை. உனக்குப் படித்தவள் வீட்டிலேயே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை எத்தனை தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன், அண்ணே.

பள்ளி ஆய்வுக்கூடத்தின் சாவி என்னிடம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, வேலை நிரந்தரமும் ஆகவில்லை. நீ வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, மாப்பிள்ளை பார்க்கப் போகிற ஆள் போல வந்திருந்தாய். தாளைச் செய்தித்தாளில் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாய். உள்ளே வந்து முக்காலியில் உட்காரவும் கூச்சப்பட்டாய்.

ஒரு புனலின் வாயில் தாளை இழுத்துக் கட்டினேன். மேலே காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினேன். குழாய்த்தண்ணீர்கூட இல்லை. உப்பு, அழுக்கு ஒன்றுமில்லாத சுத்தமான தண்ணீர். ஒரு மணி நேரம் பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. பிறகு சார்ஜ் ஏற்றிய இரண்டு பேட்டரித் தகடுகளுக்கு நடுவில் அதை வைத்து, ஆசிட் ஊற்றி, டார்ச் பல்பைக் கோத்தேன். எரியவில்லை. கடையில் வாங்கிய தாளை அதே இடத்தில் வைத்தேன். எரிந்தது.

நீ குனிந்து, புனலில் இருந்த தண்ணீரை விரலால் தொட்டுத் தாளில் ஒரு சொட்டு விட்டாய். அது உருண்டது.

"ஏட்டி, உருளுது பாரு. எண்ணெய் தேச்ச ஒடம்புல உருண்டுச்சே, அதே மாதிரி. கொஞ்சம் சீயக்கா கரைச்சு ஊத்திப் பாப்பமா? சோப்பாவது?"

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வானேன், வெட்கமும் வந்தது. காலை முழுக்க அத்தனை சுத்தமாகக் கண்ணாடிகளைக் கழுவி அடுக்கியிருந்தேன். அதில் கொண்டுபோய்ச் சீயக்காயா?

"பரிசோதனைன்னா சுத்தம் வேணும்ணே. சோப்புப் போட்டா அதுக்குப் பேரு துணி துவைக்கது. அந்த இஞ்சினியர் கேட்டா சிரிப்பாரு."

"ஒரே ஒரு தடவ…"

"நீ படிச்சிருக்கியா, நான் படிச்சிருக்கேனா?"

இதைத்தான் சொன்னேன். உன் கடைக் காசில் படித்த வாயால் சொன்னேன். நீ முக்காலியிலிருந்து எழுந்து, "சரி, நீ சொன்னா சரிதான்" என்றாய். நான் உடனே உட்கார்ந்து, இந்தத் தாளில் துளை இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன். கீழே பெயர், அதற்கும் கீழே பட்டம், கையெழுத்து. ஆங்கிலம் நன்றாக அமைந்துவிட்டதென்று ஒரு தடவை வாசித்தும் பார்த்துக்கொண்டேன். நீ அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அஞ்சல் நிலையப் பெட்டியில் உன் கையாலேயே போட்டாய்.

மிஞ்சிய தாளைச் சுருட்டும்போது நான் கேலி வேறு செய்தேன். "மழைக்கு நோட்டுக்கு அட்டை போடலாம்ணே. தண்ணிதான் எறங்காதுல்லா." நீ ஒரு முழம் கிழிக்கப் பார்த்தாய். கிழியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாய். என் மதிப்பெண் பதிவேட்டுக்கு அட்டை போட்டேன். எத்தனையோ சாரலில் அதைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறேன். உள்ளே ஓர் எழுத்தும் அழிந்ததில்லை.

அந்த இஞ்சினியர் என் வரியை நம்பிவிட்டார், வரவேயில்லை. அதோடு நீ அந்த வேலையை விட்டாய். தறிச்சட்டத்தைப் பரணில் போட்டாய். வாழ்க்கை முழுக்க என்னை 'ஏட்டி' என்றே கூப்பிட்டவன், 'டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கினாய். "வாங்க டீச்சர்." "டீச்சருக்கு ஒரு காப்பி சொல்லு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்கு ஒவ்வொரு தடவையும் எங்கேயோ குத்தியது. கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். கேட்கமாட்டேன். தப்பு என்னுடையதில்லை என்று அப்போது நான் நிச்சயமாக நம்பினேன்.

என் வேலை நிரந்தரமான வாரம், பள்ளி வாசலில் ஒரு தூக்குச்சட்டியுடன் வந்து நின்றாய். கக்கத்தில் செய்தித்தாளில் சுருட்டிய எதுவோ இருந்தது. "டீச்சர், ஒரு சங்கதி. ஆய்வுக்கூடத்துல அஞ்சு நிமிசம் ஒதுங்க முடியுமா?" என்றாய். அன்றைக்கு மேலதிகாரி வருகிறார் என்று பள்ளியே பரபரப்பாக இருந்தது. "பொறவு வாண்ணே, நேரங்காலம் தெரியாம" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். தூக்குச்சட்டியில் மதினி குழம்பு கொடுத்துவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். பிற்பாடு அதைக் கேட்கவும் மறந்தேன்.

இருபது நாள்கூட இருக்காது. பேட்டரியைத் தூக்கி லாரிப் படியில் வைத்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் வகுப்பை விட்டு ஓடிவந்தபோது உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அருளப்பன் அண்ணாச்சி உன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இனி நீ அறியாத சேதிக்கு வருகிறேன்.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனேன். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு விற்பனையாளர் வந்து மதினியிடம் பையிலிருந்து புதுச் சரக்கை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். தகட்டை உள்ளே செருகுகிற உறை மாதிரியான தாள். பாலிதீன். சூட்டுக்கு வளையாது, கிழியாது, கண்ணுக்குத் தெரியாத துளை என்று அவர் ஒப்பித்துக்கொண்டே போனார். கையை நீட்டி வாங்கினேன். தொட்டுப் பார்த்தேன். நிறம் வேறு. கைக்கு அதே தாள், அண்ணே.

"பாலிதீன்ல தண்ணி ஒட்டாதே. ஆசிட்டு எப்படி எறங்கும்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி கேட்டீங்க" என்றார் அந்த மனிதர், பிள்ளைக்குச் சொல்வது போல. "செய்யும்போதே சோப்பு மாதிரி ஒரு மருந்து சேத்துருவாங்கம்மா. முதல்ல தாளை நனைய வைக்கணும். நனைஞ்சிட்டா பொறவு தானா எறங்கும். அது இல்லன்னா துளை இருந்தும் பிரயோஜனமில்ல, ஒரு சொட்டு போகாது."

நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் காலை எடுத்துப் புனலில் கட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அடியில் முதலில் ஈரம் பூத்தது. பிறகு ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அன்றைக்கு நான் அழுதது போல நீ செத்த அன்றைக்குக்கூட அழுததில்லை.

வாரந்தவறாமல் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கிறவள் நான். சீயக்காய் போடாமல் வெறும் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் முடி நனையாது என்று எனக்குத் தெரியாதா? அதைத்தானே நீயும் சொன்னாய்? ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் குளியலறையில் தெரிந்தது மறந்துபோகும் என்றால், அது என்ன படிப்பு?

ஆனாலும் மதினியிடம் நான் உடனே சொல்லவில்லை. நாலு மாதம் தள்ளிப்போட்டேன். பரீட்சை என்றேன், பேப்பர் திருத்தம் என்றேன், வெயில் என்றேன். நீ போன நாளிலிருந்து அவள், "அந்தப் பித்துல என் தோசைக்கல்லு ரெண்டும் போனதுதான் மிச்சம்" என்று சொல்லாத மாதமில்லை. அது பித்தில்லை என்று சொன்னால், அதைப் பித்தாக்கியது யார் என்றும் சொல்ல வேண்டுமே. தாலியறுத்து நிற்கிறவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மூன்று வாரத்துக்கு முன்புதான் சொன்னேன். ஊறவைத்த தாளையும் டார்ச் பல்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மதினி தகடுகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேஜையிலேயே இரண்டு தகட்டுக்கு நடுவில் தாளை வைத்து, ஆசிட் ஊற்றி, பல்பைக் கோத்தேன். எரிந்தது.

"மதினி, இது அண்ணன் செஞ்ச தாளு. அவன் செஞ்சது சரி. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவள் பல்பைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவுக கடுதாசியப் போட்டுட்டு வந்த மறுநாளு, என் சீயக்கா டப்பாவ எடுத்துக்கிட்டு கொல்லைக்குப் போனாக. கொஞ்ச நேரத்துல ஒரே சிரிப்பு. போயிப் பாத்தேன். கீழ சொட்டுச் சொட்டா விழுது. 'ஒழுகுதே'ன்னேன். 'ஒழுகத்தான்ட்டி செய்யணும்'னாக. அப்பமே ஒன்ட்ட ஓடிப் போயிச் சொல்லுங்கன்னேன். வேண்டாம்னுட்டாக."

"ஏன்?"

"'அவ பேரெழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா. இப்ப நான் போயி அது தப்புன்னா, வெளியூர்க்காரன் முன்னால பிள்ளைக்கு அசிங்கம். வேலைக்குச் சேந்து ஒரு வருசம் ஆகல. வேலை நெரந்தரம் ஆகட்டும், பொறவு காட்டிக்கிடுவோம்'னாக. ஒன்ட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. தோசைக்கல்லப் பத்தித்தான் நான் பேசலாம். வேற எதப் பேச?"

"ஒருநா பள்ளிக்கூடத்துக்கு வந்தானே மதினி, தூக்குச்சட்டியோட…"

"அதுல சீயக்காத் தண்ணிதான் இருந்துச்சு. போனபடியே திரும்பக் கொண்டாந்து, எனக்குத் தலைக்குத் தேச்சுக்கிடச் சொன்னாக."

ஒரு டிரைவர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. மதினிதான் கம்பியைக் கழற்றினாள்.

உன்மேல் எனக்கு இப்போது கோபம், அண்ணே. செத்தவனோடு சண்டை போடக் கூடாது என்பார்கள், போடுகிறேன். என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? தினம் எத்தனை பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் சுழிக்கிறேன். என் ஒரு தப்பை நீ சுழித்திருந்தால் செத்தா போயிருப்பேன்? அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்குள் வந்து, "ஏட்டி மூதி, இந்தா பாரு" என்று மண்டையில் ஒரு குட்டு வைத்திருக்கலாமே. நான் அழுதிருப்பேன், பிறகு இன்னொரு கடிதம் எழுதியிருப்பேன். அந்த இஞ்சினியர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உன் தாள் ஆரியங்காவு ஏறியிருக்குமே.

இல்லை, நீ சொல்ல வந்தாய். நான்தான் கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் என் வாய்தான் முந்தியது.

'டீச்சர்' என்று கூப்பிட்டது கோபத்திலா என்று மதினியிடம் கேட்டேன். "அட போ ட்டி, கடைக்கு வாரவன்ட்ட எல்லாம் எந் தங்கச்சி டீச்சருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுவாக. கோவமாவது ஒண்ணாவது" என்றாள். எனக்கு முழுக்க நம்ப முடியவில்லை. கொஞ்சமாவது கோபம் இருந்திருக்காதா? இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். எது உண்மை என்று நீதான் சொல்ல வேண்டும், நீ இல்லை.

கடையின் பழைய டைரியில் அந்த இஞ்சினியரின் விலாசம் இருந்தது. நடந்ததை எழுதி அனுப்பினேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று குறித்துக் கடிதம் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் இதை எல்லோருக்கும் எழுதினேன். என் பெயரையும் பட்டத்தையும் போட்டு, இந்தத் தடவை தமிழில் எழுதுகிறேன்: தென்காசியில் பேட்டரிக் கடை வைத்திருந்த குற்றாலிங்கம் செய்த தாளில் துளை இருந்தது. அது சூட்டைத் தாங்கியது, இழுத்தால் கிழியவில்லை, ஆசிட்டை விட்டது. இல்லை என்று நான் எழுதியது தப்பு.

இந்தக் கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். தோசைக்கல்லைப் பற்றி எழுதியிருப்பதை எடுக்கச் சொன்னாள். எடுக்கமாட்டேன் என்றேன். உன் தாளில் இன்னும் அரை முழம் பாக்கி இருக்கிறது. ஒரு துண்டைச் சட்டம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் கடையில் மாட்டப்போகிறாளாம். கீழே என்ன எழுதலாம் என்று கேட்டாள். உன் பெயர் போதும் என்றேன்.

மிச்சத்தை நான் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் இரண்டு புனல் வைக்கப்போகிறேன், ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒன்றில் சீயக்காய்த் தண்ணீர். உன் பெயரைச் சொல்லி, என் தப்பைச் சொல்லி, அதற்குப் பிறகுதான் பாடத்தைத் தொடங்குவேன். பிள்ளைகள் சிரிக்கட்டும். எந்தப் பிள்ளையாவது எழுந்து, "இதைப் போட்டுப் பாப்பமா?" என்று எதைக் கேட்டாலும், போட்டுப் பார்க்காமல் இனி நான் பதில் சொல்லமாட்டேன். வாசலில் யார் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாலும், எந்த அதிகாரி உள்ளே காத்திருந்தாலும், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இது உனக்குக் கொடுக்கிற சத்தியம்.

இப்படிக்கு,
டீச்சர் இல்லை, அண்ணே,
உன் ஏட்டி,
உலகம்மாள்